புது டோல் ரோடு வருதா? சுற்றுச்சூழல், சமூக பாதிப்பு ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோல் ரோடு ஒண்ணு வரப்போகுதுன்னா கூடவே ஆயிரம் பக்கத்துக்கு ஒரு பாதிப்பு ரிப்போர்ட்டும் வரும். அதப் பாத்ததும் பாதிப் பேரு மலைச்சுப் போய் மூடி வெச்சிடுறாங்க, மீதிப் பேரு முன்னாடி இருக்கிற பத்துப் பக்கச் சுருக்கத்த மட்டும் புரட்டிட்டு கூட்டத்துக்குப் போறாங்க. இந்த மாதிரி ரிப்போர்ட்டுங்கள வருஷக்கணக்கா உக்காந்து படிச்சிட்டு வர்றேன், எங்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள ஒரே எடத்துல போட்டு வெக்கிறேன். எந்த நாட்டு ரோடா இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும், சட்டத்தோட பேரும் அனுமதி வாங்குற வரிசையும் தான் எடத்துக்கு எடம் மாறும்.

பாதிப்பு மதிப்பீடுன்னா என்ன, அது ஒரு அனுமதிச் சீட்டா?

இல்லைங்க. ரோடு போடலாமா, போட்டா எந்த வழியா, எப்படிப் போடலாம்னு முடிவெடுக்கிறவங்க கையில முடிவுக்கு முன்னாடியே இருக்க வேண்டிய கணக்கு அது. டெண்டர் விட்டு மெஷின் வந்து நின்ன பிறகு எழுதுற ரிப்போர்ட் வெறும் காகிதம். அமெரிக்காவுல 1970 ஜனவரி 1ஆம் தேதி கையெழுத்தான தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் தான் இதுக்கெல்லாம் ஆரம்பம், 1992ல ரியோவுல நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுப் பிரகடனத்தோட 17வது கொள்கையா உலக நாடுங்க ஒத்துக்கிட்டாங்க. வீடு, நெலம், பிழைப்புன்னு மனுஷங்க பக்கத்தையும் சேத்துப் பாக்கிற பழக்கம் தாமதமாத் தான் வந்துச்சு, இன்னைக்கும் பல ரிப்போர்ட்டுல செடி கொடிப் பட்டியல் பக்கம் பக்கமா ஓடும், ஆளுங்களப் பத்தி நாலு பாராவுல முடிஞ்சிடும்.

ஒண்ணு முதல்லயே பாத்து வெச்சுக்கங்க, ரோட்டுக்குக் கடன் குடுக்குறது யாருன்னு. உலக வங்கிக் குழுமத்துல தனியார் திட்டங்களுக்குக் கடன் குடுக்கிற சர்வதேச நிதிக் கழகத்துக்கு, 2006ல கொண்டு வந்து 2012ல திருத்துன 8 செயல்திறன் தரங்கள் இருக்கு, உலக வங்கிக்கு 2018ல இருந்து தனியா 10 தரங்கள் இருக்கு, தனியார் பேங்குங்க பல பேங்குங்க தாங்களா ஏத்துக்கிற சுற்றுச்சூழல், சமூக விதிங்களான, 2003ல ஆரம்பிச்ச ஈக்குவேட்டர் கொள்கைகள்ல கையெழுத்துப் போட்டிருக்கு. உள்ளூர் சட்டம் லேசா இருந்தாலும் கடன் ஒப்பந்தம் வழியா இந்தத் தரங்கள் ரோடு போடுறவங்களக் கட்டிப்போடும், உலக வங்கிக்கும் நிதிக் கழகத்துக்கும் பாதிக்கப்பட்டவங்க நேரா புகார் குடுக்கவே தனி அமைப்பு இருக்கு. இது தெரியாமலே பல பேரு உள்ளூர் ஆபீஸ் வாசல்லயே அலையுறாங்க.

சாதாரண ரோட்டுக்கும் டோல் ரோட்டுக்கும் மதிப்பீட்டுல என்ன வித்தியாசம்?

இது தான் எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி, ஆனா இதத் தான் ரொம்பக் கம்மியா கேக்குறாங்க. ரோட்டுல போறதுக்குக் காசுன்னு சொன்ன உடனே ஒரு பங்கு வண்டி அதுல ஏறாது. ஏறாத வண்டி காத்துல கரைஞ்சு போயிடாது, பக்கத்துல இருக்கிற இலவச ரோட்டுல தான் போகும், அந்த ரோட்டோரம் தான் ஸ்கூலு, கடை, ஆஸ்பத்திரி, நடந்து போற ஜனம் எல்லாம் இருக்கும். இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கத்துல 2003 டிசம்பர்ல 43 கி.மீ நீளத்துக்கு எம்6 டோல் ரோடு திறந்தாங்க, ஆனா லாரிக்காரங்க பெரும்பாலும் காசு கட்ட விரும்பாம பழைய ரோட்டுலயே தான் போனாங்க. புகையும் சத்தமும் அதிர்வும் அதிகமா குடுக்கிற வண்டி எதுவோ அது தான் கட்டணத்தப் பாத்து முதல்ல விலகுது.

சிட்னியில 2005ல திறந்த கிராஸ் சிட்டி டனல் கதை இன்னும் மோசம். ஒரு நாளைக்கு 90,000 வண்டி கிட்ட வரும்னு கணக்குப் போட்டாங்க, வந்தது அதுல மூணுல ஒரு பங்கு சுத்தி தான். சுரங்கம் வந்தா மேல நெரிசல் இருக்காதுங்கிற கணக்குல மேல இருந்த தெருக்களோட லேனையும் குறைச்சு வெச்சிருந்தாங்க, மக்கள் அதத் தங்கள டோலுக்குள்ள தள்ளுற வேலையாத் தான் பாத்தாங்க. 2006 கடைசியில கம்பெனி கடன் குடுத்தவங்க கைக்குப் போயிடுச்சு.

அதனால ரிப்போர்ட்டத் திறந்ததும் ஆய்வுப் பரப்பு எதுன்னு காட்டுற மேப்பப் பாருங்க. புது ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சில நூறு மீட்டர் கோடு போட்டு அதோட நிறுத்தியிருந்தா அந்த ரிப்போர்ட் பாதி வேலைய செய்யவே இல்லைன்னு அர்த்தம். பழைய ரோடும், புது ரோட்டுல ஏறி இறங்குற சந்திப்புக்குப் போற சின்ன ரோடுங்களும் அந்த மேப்புக்குள்ள இருந்தே ஆகணும்.

டிராஃபிக் கணக்க எப்படி நம்புறது?

அப்படியே நம்பாதீங்க. பெரிய கட்டுமானத் திட்டங்கள ஆராயுற பெண்ட் ஃப்ளூவ்பியர்க்கும் அவரு கூட்டாளிகளும் 2005ல வெளியிட்ட ஆய்வுல, ரோடு திட்டங்கள்ல பாதிக்குப் பாதி முன்கணிப்பு 20 சதவீதத்துக்கு மேல தப்பாப் போயிருந்துச்சு, ஏறியும் இறங்கியும். இந்த ஒரு நம்பர் மேல தான் சத்தம், புகை, விபத்து, கார்பன், வருமானம் எல்லாமே நிக்குது, அடியில இருக்கிற கல்லு ஆடுனா மேல இருக்கிறது எல்லாம் ஆடும்.

நான் முதல்ல பாக்குறது என்னன்னா, பணம் பத்தின அத்தியாயத்துல இருக்கிற வண்டி எண்ணிக்கையும் சத்தம் பத்தின அத்தியாயத்துல இருக்கிற எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கான்னு. ஒரு ரிப்போர்ட்டுல வருமானம் காட்ட 30 வருஷம் கழிச்சு வரப்போற பெரிய நம்பரப் போட்டுட்டு, சத்தத்துக்கு மட்டும் ரோடு திறக்கிற வருஷத்தோட சின்ன நம்பரப் போட்டிருந்தாங்க, நானூறு பக்கம் தள்ளித் தள்ளி இருந்ததால யாரும் கவனிக்கல. ரெண்டுமே தனித்தனியா சரியான நம்பர் தான், ஆனா ரோட்டோரத்துல வீடு இருக்கிறவன் அந்த 30வது வருஷத்துலயும் அங்க தான இருப்பான். அப்புறம் ஒரே ஒரு முன்கணிப்பு மட்டும் இருந்தாலும் ஒத்துக்காதீங்க. வண்டி நிறைய வந்தா என்ன, கம்மியா வந்தா என்ன, கட்டணத்த ஏத்துனா எத்தனை வண்டி பழைய ரோட்டுக்குத் திரும்பும், இது எல்லாத்துக்கும் தனித்தனியா கணக்கு வேணும்.

நெரிசல் குறையும், அதனால புகையும் குறையும்னு சொல்றாங்களே?

முதல் சில வருஷம் குறையலாம். ஆனா ரோடு அகலமானா, வேகமானா, அதுவரைக்கும் கெளம்பாத பயணம் எல்லாம் கெளம்பும், தூரமா குடி போறவங்க போவாங்க, சரக்கு வண்டி ரூட்டு மாறும். இத பிரிட்டன்ல 1994லயே அரசோட ஆலோசனைக் குழு ஒண்ணு ஒத்துக்கிடுச்சு. 2011ல டுராண்டன், டர்னர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்கள வெச்சுப் பாத்தப்போ லேன் நீளம் எவ்வளவு சதவீதம் கூடுதோ வண்டி ஓடுற தூரமும் கிட்டத்தட்ட அதே சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. டோல் இருந்தா இது ஓரளவு மட்டுப்படும், உண்மை தான், ஆனா அப்போ அந்தக் கட்டணத்தப் பின்னாடி குறைக்கவோ எடுத்துடவோ மாட்டாங்கன்னு உறுதி வேணும், இல்லைன்னா ரிப்போர்ட்டுல காட்டுன நன்மை நிக்காது.

புகையில ரோட்டுக்கு 300ல இருந்து 500 மீட்டருக்குள்ள இருக்கிறவங்களுக்குத் தான் பாதிப்பு அதிகம்னு அமெரிக்காவுல ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட்ங்கிற ஆய்வு நிறுவனம் 2010ல தொகுத்துச் சொன்னாங்க. அந்தத் தூரத்துக்குள்ள எத்தனை வீடு, எத்தனை ஸ்கூல்னு ஒரு எண்ணிக்கை ரிப்போர்ட்டுல இருக்கான்னு தேடுங்க. நாட்டு வரம்புக்குள்ள தான் இருக்குன்னு ஒரு வரி எழுதி முடிச்சிடுவாங்க, ஆனா உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு பிஎம் 2.5 நுண்துகளுக்கு வருஷச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 10. பெரும்பாலான நாட்டு வரம்பு இத விடத் தளர்வு, அதனால வரம்புக்குள்ளன்னு சொல்றதும் உடம்புக்குக் கெடுதல் இல்லைன்னு சொல்றதும் ஒண்ணில்ல. டோல் பிளாசாவுல வண்டி நின்னு நின்னு கெளம்புற எடத்துல தனியா கணக்கெடுக்கணும், நிக்காமலே காசு எடுக்கிற முறைன்னா அது பெருமளவு குறையும். எலக்ட்ரிக் வண்டி வந்தா எல்லாம் சரியாயிடும்னும் சிலர் சொல்றாங்க, புகைக்குழாய் போகும், டயரும் பிரேக்கும் தேயுற தூசி போகாது.

சத்தத்துக்கு சுவர் வெக்கிறோம்னு சொன்னா போதுமா?

வண்டி எண்ணிக்கை ரெண்டு மடங்கானா சத்தம் 3 டெசிபல் தான் கூடும், கேக்க சின்னதா தெரியும். ஆனா ராத்திரி அமைதியா இருந்த எடத்துல திடீர்னு ரோடு வரும்போது ஏறுறது 3 இல்ல, 15, 20 டெசிபல், 10 கூடுனாலே காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி கேக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட 2018 வழிகாட்டுதல்ல ரோட்டுச் சத்தம் பகல், மாலை, இரவு சேந்த சராசரியா 53 டெசிபல், ராத்திரிக்கு மட்டும் 45 தாண்டக்கூடாதுன்னு இருக்கு. சுவர் வெச்சா பொதுவா 5ல இருந்து 10 டெசிபல் குறையும், அதுவும் வண்டிக்கும் நம்ம ஜன்னலுக்கும் நடுவுல பார்வையே தெரியாத அளவுக்கு உயரமா இருந்தாத் தான். மாடி வீட்டுக்கு அந்தச் சுவரால ஒண்ணும் ஆகாது, நடுவுல வழி விட்டு உடைச்ச சுவராலயும் பெருசா பலன் இல்ல.

காட்டு விலங்குக்கு அண்டர்பாஸ் குடுத்தா பிரச்சினை தீந்துடுமா?

சில எடத்துல நல்லாவே வேலை செஞ்சிருக்கு, அத மறுக்கக்கூடாது. கனடாவுல பான்ஃப் தேசியப் பூங்கா வழியா போற ரோட்டுல 6 மேம்பாலமும் 38 கீழ்ப்பாலமும் விலங்குங்களுக்குன்னே கட்டி ரெண்டு பக்கமும் வேலி போட்டாங்க, வண்டியில அடிபடுறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. இந்தியாவுல பென்ச் புலிகள் காப்பகம் பக்கத்துல தேசிய நெடுஞ்சாலை 44ல கட்டுன பாலங்களுக்கு அடியில புலி போறது கேமராவுல பதிவாகியிருக்கு. ஆனா பாலம் மட்டும் கட்டி வேலி போடலைன்னா விலங்கு ரோட்டு மேல தான் வரும், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெலத்த வித்து வீடு கட்டிட்டா பாலம் எங்கயும் கொண்டு போய் விடாது, கரடி மாதிரி கூச்சம் உள்ள விலங்கு அதுக்குப் பழகவே பல வருஷம் ஆகும்.

அடிபடுறது மட்டுமே பாதிப்பும் இல்ல. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஒரு நெடுஞ்சாலைய வெச்சு சூழலியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபோர்மனும் அவரு கூட்டாளியும் 2000ல வெளியிட்ட ஆய்வுல ரோட்டோட பாதிப்பு சராசரியா 600 மீட்டர் அகலத்துக்குப் பரவுதுன்னு கணக்கிட்டாங்க, சத்தத்தால பறவை விலகுறது, ஓடை திசை மாறுறது, பனி உருகுறதுக்காக ரோட்டுல போடுற உப்பு தண்ணியில கலக்குறது எல்லாம் சேத்து. காட்டுக்குள்ள போற ரோடுன்னா அதுக்கு மேல ஒரு ஆபத்து இருக்கு. அமேசான்ல இதுவரைக்கும் அழிஞ்ச காட்டுல 95 சதவீதம் ரோட்டுல இருந்து 5.5 கி.மீக்குள்ளயோ இல்ல ஆத்துல இருந்து 1 கி.மீக்குள்ளயோ தான் இருக்குன்னு 2014ல ஒரு ஆய்வு காட்டுச்சு. ரோட்டுக்காக வெட்டுற மரத்த மட்டும் எண்ணி, ஒண்ணுக்குப் பத்து நடுறோம்னு எழுதி முடிக்கிற ரிப்போர்ட் இதத் தொடவே தொடாது. பொதுவா உலகம் பூரா ஒத்துக்கிட்ட வரிசை ஒண்ணு இருக்கு: முதல்ல அந்த எடத்தத் தவிர்க்கப் பாரு, முடியலைன்னா பாதிப்பக் குறை, கெட்டத சரி செய், அதுக்கும் மேல மிஞ்சுறதுக்குத் தான் வேற எடத்துல ஈடு குடு. மரம் நடுறது கடைசிப் படி, அத முதல் படியா எழுதியிருந்தா திருப்பிக் கேளுங்க.

தண்ணி விஷயத்துல என்ன பாக்கணும்?

ரோட்டுக்கு மண்ணு கொட்டி மேடாக்குறாங்கள்ல, அது பல கி.மீ நீளத்துக்கு ஒரு அணை மாதிரி. மழைத்தண்ணி காலங்காலமா எந்தப் பக்கம் சரிஞ்சு ஓடுச்சோ அத மறிச்சிடும், மேல் பக்கம் வயலும் வீடும் முங்கும், கீழ் பக்கம் ஏரி காயும். தண்ணி போக ரோட்டுக்கு அடியில நடுநடுவுல வெக்கிற கல்வெர்ட், அதாவது சின்னப் பாலம், எத்தனை, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைக்குக் கணக்குப் போட்டது, மழையோட போக்கு மாறிட்டு வர்ற காலத்துல அந்தப் பழைய மழைக் கணக்கே போதுமா, இத கேக்கணும். ஓடை இருக்கிறது மேப்புல தெரியும், ஆனா பெருமழைக்கு மட்டும் தண்ணி ஓடுற பள்ளம் மேப்புல தெரியாது, அது அந்த ஊர்ல இருக்கிற வயசானவங்களுக்குத் தான் தெரியும். நான் பாத்த வரைக்கும் கூட்டத்துல ஊர்க்காரங்க குடுக்கிற தகவல்லயே ரொம்ப மதிப்பானது இது தான், ஒவ்வொரு பள்ளத்தையும் மேப்புல குறிச்சுக் குடுங்க.

ரோட்டுல இருந்து வழியுற தண்ணியும் சாதாரணத் தண்ணி இல்ல. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்து ஓடைகள்ல மழை பெஞ்சதும் கோஹோ சால்மன் மீனுங்க கூட்டமா செத்ததுக்கு டயர்ல சேக்குற ஒரு ரசாயனத்துல இருந்து உண்டாகுற பொருள் தான் காரணம்னு 2020ல தான் கண்டுபிடிச்சாங்க. அதனால வழியுற தண்ணி நேரா ஓடையில விழாம மண்ணுலயும் புல்லுலயும் தங்கி வடிஞ்சு போற அமைப்பு வடிவமைப்புலயே இருக்கணும்.

சர்வே எப்ப எடுத்தாங்கங்கிறது முக்கியமா?

ரொம்பவே. ரோடு வர்றதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சுன்னு எடுக்கிற அடிப்படைத் தகவல் தான் பின்னாடி எல்லா வழக்குக்கும் ஆதாரம். கோடையில மட்டும் எடுத்தா குளம் இருக்காது, வலசைப் பறவை இருக்காது, தவளை சத்தம் கேக்காது, மொத்தமா ஒண்ணுமில்லாத பூமின்னு எழுதிடுவாங்க. ஒரு வருஷத்தோட எல்லாப் பருவத்துலயும் எடுத்திருக்கணும். தேதிய இணைப்புல போய்ப் பாருங்க, முன்பக்கத்துல இருக்காது.

வேற வழி இருக்கான்னு உண்மையாவே பாத்தாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாற்று வழி அத்தியாயத்துல மூணு கோடு போட்டிருப்பாங்க, அதுல ரெண்டு கோடு யாருமே தேர்ந்தெடுக்க முடியாத மாதிரி ஏரி நடுவுலயும் ஊர் நடுவுலயும் போகும். உண்மையான மாற்றுன்னா இருக்கிற ரோட்ட சரி பண்றது, பஸ், ரயில் விடுறது, ஒண்ணுமே கட்டாம விட்டா என்ன ஆகும்ங்கிறது, இதெல்லாம் அதே அளவுகோல்ல வெச்சுக் காட்டணும்.

வழி மாறாதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. கலிஃபோர்னியாவுல சான் ஒனோஃப்ரே கடற்கரைப் பூங்கா வழியா 26 கி.மீ கிட்ட ஒரு டோல் ரோடு கொண்டு வரப் பாத்தாங்க, 2008 பிப்ரவரியில மாநிலக் கடலோர ஆணையம் 8க்கு 2 ஓட்டுல நிராகரிச்சுது, அதே வருஷம் டிசம்பர்ல மத்திய அரசுத் துறையும் அந்த முடிவ ஏத்துக்கிடுச்சு. கென்யாவோட தலைநகர் நைரோபியில 27 கி.மீ எக்ஸ்பிரஸ்வே கட்டும்போது நூறு வருஷம் தாண்டுன ஒரு அத்திமரத்த வெட்ட இருந்தாங்க, ஜனங்க எதிர்த்து நின்னதால 2020 நவம்பர்ல அத விட்டு வெக்க உத்தரவு வந்துச்சு.

நெலம் போறவங்களுக்கு நஷ்டஈடு குடுத்துட்டா சமூக பாதிப்பு முடிஞ்சுதா?

முடியலைங்க, அங்க தான் ஆரம்பிக்குது. மைக்கேல் செர்னியாங்கிற சமூகவியல் அறிஞர் உலக வங்கியில இருந்து பல நாட்டு இடப்பெயர்ச்சிய ஆராஞ்சு, இடம் பெயர்றவங்களுக்கு 8 ஆபத்து இருக்குன்னு வகுத்தாரு: நெலம் போறது, வேலை போறது, வீடு போறது, சமூகத்துல ஓரமாக்கப்படுறது, சாப்பாட்டுக்குக் கஷ்டம், நோயும் சாவும் கூடுறது, மேய்ச்சல் நெலம் குளம் மாதிரி பொதுச் சொத்து கைவிட்டுப் போறது, கடைசியா அக்கம்பக்கம் உறவுன்னு இருந்த கட்டு அவுந்து போறது. பணம் இதுல ரெண்டு மூணத் தான் தொடும். பொதுச் சொத்துக்கும் அக்கம்பக்க உறவுக்கும் யாரு பேர்ல செக்கு எழுதுவாங்க?

பட்டா இல்லாதவங்களுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு அடிச்சுச் சொல்றத பல எடத்துல கேட்டிருக்கேன். சர்வதேச நிதிக் கழகத்தோட 5வது தரம் அப்படிச் சொல்லல. நெலத்துக்கு உரிமை இல்லாதவங்களுக்கும் அவங்க கட்டுன வீடு, கடைக்கு ஈடும், பிழைப்ப மீட்க உதவியும் குடுக்கணும்னு தான் இருக்கு, அதுவும் தேய்மானம் கழிக்காம இன்னைக்குத் தேதிக்குத் திரும்பக் கட்ட என்ன ஆகுமோ அந்த விலைக்கு. குத்தகைக்கு விவசாயம் பண்றவங்க, அந்த வயல்ல கூலி வேலை செய்றவங்க, ரோட்டோரம் தள்ளுவண்டி போட்டிருக்கிறவங்க, இவங்க பேரெல்லாம் கணக்கெடுப்புல இருக்கான்னு பாருங்க. குடும்பத் தலைவர்னு ஆம்பள பேர மட்டும் எழுதிட்டு பணத்த அவரு அக்கவுண்ட்ல போட்டா அந்த வீட்டுப் பொம்பளைங்க கைக்கு என்ன வரும்ங்கிறதும் சமூக பாதிப்பு தான். அப்புறம் கணக்கெடுப்பு முடிஞ்ச தேதின்னு ஒண்ணு அறிவிப்பாங்க, அந்தத் தேதிக்குப் பிறகு பேர் சேக்கிறது ரொம்பக் கஷ்டம், இந்த ஒரு விஷயத்துல மட்டும் தாமதிக்காதீங்க.

எங்க நெலம் போகல, ரோடு ஊரப் பிரிச்சுக்கிட்டு மட்டும் போகுது. நாங்க பாதிக்கப்பட்டவங்களா?

கண்டிப்பா. வேலி போட்ட ரோடு ஊர ரெண்டா வெட்டும். ஸ்கூலுக்கு அஞ்சு நிமிஷம் நடந்த பிள்ளைங்க அண்டர்பாஸ் வரைக்கும் சுத்திட்டு வரணும், மாட்ட அந்தப் பக்கம் ஓட்ட முடியாது, ஆம்புலன்ஸ் சுத்தி வரணும். நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவுல மூணு தெருவ ஒப்பிட்டுப் பாத்தாரு, நாளைக்கு 2,000 வண்டி போற தெருவுல ஒருத்தருக்கு அதே தெருவுல சராசரி 3 நண்பர்கள், 16,000 வண்டி போற தெருவுல 1 கூட இல்ல, 0.9 தான். அது சாதாரணத் தெரு, வேலி கூடக் கிடையாது.

அண்டர்பாஸ் எத்தனைன்னு கேட்டு நிறுத்திக்காதீங்க, நடந்து போற தூரம் இன்னைக்கு எவ்வளவு, ரோடு வந்த பிறகு எவ்வளவுன்னு இடத்துக்கு இடம் அட்டவணை கேளுங்க. மழைக்கு அதுல தண்ணி நிக்குமா, ராத்திரி வெளிச்சம் இருக்குமா, பொம்பளைங்க தனியா நடக்க முடியுமா, சக்கர நாற்காலி போகுமா, டிராக்டர் உயரத்துக்கு இருக்கா. இதுக்கெல்லாம் பதில் இல்லாத அண்டர்பாஸ் வரைபடத்துல தான் இருக்கும், புழக்கத்துல இருக்காது.

கட்டணம் கட்ட முடியாதவங்கள பத்தி ரிப்போர்ட் பேசணுமா?

பேசியே ஆகணும். யாருக்கு நன்மை, யாருக்குச் சுமைன்னு பிரிச்சுக் காட்டுறது தான் சமூக மதிப்பீடு. வேகமாப் போற சுகம் காசு உள்ளவங்களுக்கும், புகையும் சத்தமும் ரோட்டோரம் இருக்கிற ஏழைங்களுக்கும் போச்சுன்னா மொத்தக் கணக்குல லாபம் வந்தாலும் அது நியாயமான லாபம் இல்ல. பிளாசா ஒரு ஊருக்கும் அதோட சந்தைக்கும் நடுவுல வந்துட்டா ரெண்டு கி.மீ போறவங்களும் முழுக் காசு கட்டணும், உள்ளூர் பாஸ் உண்டா, எத்தனை கி.மீ சுத்தளவுக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கணும். ஜனங்க ஏத்துக்காத கட்டணம் நிக்கவும் நிக்காது. தென்னாப்பிரிக்காவுல கௌடெங் மாகாணத்துல 2013 டிசம்பர்ல ஈ-டோல், அதாவது வண்டி நிக்காமலே மின்னணு முறையில கட்டணம் எடுக்கிறது, ஆரம்பிச்சாங்க, பெரும்பாலானவங்க கட்டவே மறுத்துட்டாங்க, 2024 ஏப்ரல்ல மொத்தமா நிறுத்திட்டாங்க.

டோல் ஒப்பந்தத்தையும் படிக்கணுமா? அது பணம் சம்பந்தப்பட்டது தானே?

படிக்கணும், அதுல தான் பல பாதிப்பு ஒளிஞ்சிருக்கும். கலிஃபோர்னியாவுல 1995ல திறந்த, காசு கட்டிப் போற எஸ்ஆர்-91 எக்ஸ்பிரஸ் லேன் ஒப்பந்தத்துல, பக்கத்துல இருக்கிற இலவச லேன்ங்கள அரசு விரிவாக்கக் கூடாதுன்னு ஒரு ஷரத்து இருந்துச்சு. இலவச ரோட்டுல நெரிசலும் விபத்தும் கூடியும் அரசு கை கட்டி நிக்க வேண்டியதா போச்சு, கடைசியில 2003ல ஆரஞ்ச் கவுன்டி போக்குவரத்து ஆணையம் 20 கோடி டாலருக்கு மேல குடுத்து அந்த லேன்ங்கள வாங்கித் தான் அதுல இருந்து வெளிய வந்துச்சு. இப்படி ஒரு ஷரத்து இருந்தா பழைய ரோட்டு ஜனங்களோட நிலைமை 30 வருஷத்துக்குப் பூட்டப்படுது, அத பாதிப்பு ரிப்போர்ட்டுல ஒரு வரி கூட சொல்ல மாட்டாங்க.

கட்டுமான வேலை தற்காலிகம் தானே, அதுக்கு ஏன் தனியா பாக்கணும்?

மூணு நாலு வருஷம் குழந்தைக்குத் தற்காலிகம் இல்ல. கிரஷர், தார் கலக்குற பிளாண்ட், மண்ணு எடுத்த குழி, தண்ணி லாரி, இதெல்லாம் எந்த எடத்துல வரும்னு ரிப்போர்ட்டுலயே இருக்கணும், காண்ட்ராக்டர் பின்னாடி முடிவு பண்ணுவாருன்னு எழுதியிருந்தா அந்தப் பாதிப்ப யாருமே மதிப்பிடலைன்னு தான் பொருள். வெளியூர்ல இருந்து நூத்துக்கணக்குல ஆளுங்க வந்து தங்குறதும் பெரிய விஷயம். உகாண்டாவுல ஒரு ரோடு திட்டத்துல கட்டுமானத் தொழிலாளிங்க சிலர் உள்ளூர் சிறுமிங்களுக்குப் பாலியல் கொடுமை செஞ்சதா புகார் வந்து, 2015 டிசம்பர்ல உலக வங்கி அந்தத் திட்டத்துக்கான கடனையே ரத்து பண்ணுச்சு. அந்த ஊர் ஜனங்க புகார் குடுக்கலைன்னா அது வெளியவே வந்திருக்காது. தொழிலாளர் முகாம் எங்க, அதுக்கு என்ன ஒழுங்கு விதி, ஒரு பொண்ணு பயப்படாம யார்கிட்ட சொல்லலாம், இத கூட்டத்துல கேக்கக் கூச்சப்படாதீங்க.

திட்டத்தத் துண்டு துண்டாப் பிரிச்சுக் காட்டுறாங்களே?

நீளத்த வெச்சு மதிப்பீடு தேவையா இல்லையான்னு சட்டம் சொல்ற எடத்துல எல்லாம் இது நடக்கும். மாட்ரிட் நகரத்து எம்-30 சுற்றுச்சாலை வழக்குல 2008 ஜூலைல ஐரோப்பிய நீதிமன்றம் இத நேரா சொல்லிடுச்சு, பிரிச்சுக் காட்டி மதிப்பீட்டுல இருந்து தப்பிக்கக் கூடாது, எல்லாத் துண்டோட பாதிப்பையும் சேத்துத் தான் பாக்கணும்னு. அதே மாதிரி ரோட்ட நம்பி வரப்போற தொழிற்பேட்டை, கிடங்கு, மனைப் பிரிவு எல்லாம் சேந்து என்ன ஆகும்ங்கிறதும் கணக்குல வரணும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துல எப்படிப் பேசுறது?

வேணாம்னு மட்டும் சொன்னா ஒரு வரியில எதிர்ப்பு தெரிவித்தனர்னு எழுதி முடிச்சிடுவாங்க. பக்க எண்ணச் சொல்லி, இந்தப் பக்கத்துல இந்த நம்பர், அந்தப் பக்கத்துல வேற நம்பர், எது சரின்னு கேட்டா அவங்க பதில் எழுதியே ஆகணும். எழுத்துல குடுங்க, வாங்குனதுக்கு சீல் வாங்குங்க. ரிப்போர்ட் உங்க மொழியில குடுக்கலைன்னா அதையே முதல் ஆட்சேபணையா பதிவு பண்ணுங்க, படிக்க முடியாத ரிப்போர்ட்ட வெச்சு கருத்து கேக்குறது கேக்காததுக்குச் சமம்.

அனுமதி குடுத்துட்டாங்க. இனிமே செய்ய ஒண்ணும் இல்லையா?

நிறைய இருக்கு, சொல்லப்போனா இந்தக் கட்டத்துல தான் ஊர்க்காரங்க அசந்து போயிடுறாங்க. அனுமதியோட நிபந்தனைப் பட்டியல் வரும், மேலாண்மைத் திட்டம்னு ஒண்ணு வரும். அதுல ஒவ்வொரு வேலைக்கும் யார் பொறுப்பு, எப்ப முடிக்கணும், எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்குன்னு இருக்கான்னு பாருங்க, ஆவன செய்யப்படும்னு எழுதுனதுக்கு யாரும் பொறுப்பில்ல. டோல் ரோட்டுல இன்னொரு சிக்கல், வருமானம் குறைஞ்சா கம்பெனி முதல்ல கை வெக்கிறது வேலி, சத்தச் சுவர், கல்வெர்ட் தூர் வாருறது மாதிரி வேலைங்கள்ல தான், அதனால அந்தப் பணம் வருமானத்தோட சேராம தனிக் கணக்குல இருக்கணும்னு நிபந்தனையிலயே கேக்கணும்.

அதோட ரோடு வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே நீங்க சொந்தமா ஒரு பதிவு எடுத்து வெச்சுக்கங்க. வீட்டுச் சுவர்ல இருக்கிற விரிசல், கிணத்துல தண்ணி எந்த மட்டத்துல நிக்குது, மழைக்குத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எல்லாத்தையும் தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. பழைய ரோட்டுல ஒரு சாதாரண நாள் காலையில ரெண்டு மணி நேரம், ராத்திரி ரெண்டு மணி நேரம் நாலு பேர் உக்காந்து லாரி எத்தனை, கார் எத்தனை, பைக் எத்தனைன்னு எண்ணி நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டு வைங்க. டோல் ஆரம்பிச்ச பிறகு அதே எடத்துல, அதே நேரத்துல, மறுபடியும் எண்ணுங்க.